ஈசானிய மூலையா, தெற்கு பார்த்த மனையா, சந்து வீடா: வேலூர் வெயிலில் ஒரு கரண்ட் பில் கணக்கு

அக்கா மகள் போன் செய்தபோது நான் காகிதப்பட்டறையில் ஒரு வீட்டில் மெயின் போர்டு மாற்றிக்கொண்டிருந்தேன். "மாமா, மூணு இடம் பார்த்து வச்சிருக்கோம். நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டு எதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் என்ன வாஸ்து பார்க்கிறவனா என்று கேட்டேன். "வாஸ்துக்கு அப்பா இருக்காரு. நீங்க கரண்ட் பில் பாருங்க" என்றாள்.

கேட்டது நியாயம்தான். இருபது வருடத்துக்கு மேலாக வேலூர், காட்பாடி வீடுகளில் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் ஈபி அட்டையைப் புரட்டிப் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரே தெரு, ஒரே மேஸ்திரி கட்டிய ஒரே மாதிரி வீடு, ஒரே ஒன்றரை டன் ஏசி. ஆனால் நடுவீட்டு அட்டையில் ஒரு எண், கடைசி வீட்டு அட்டையில் வேறு எண். முதலில் கடைசி வீட்டுக்காரர்கள் ஊதாரிகள் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: நடுவீட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது, கடைசி வீடு வெயிலில் தனியாக நிற்கிறது.

இவள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் ட்யூட்டி. காலை எட்டரைக்கு வீடு வந்து, ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பாள். ஊரே விழித்திருக்கும் நேரத்தில் இவள் அறைக்குக் குளிர்ச்சி வேண்டும். மாப்பிள்ளைக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலை. அவர் இரவில் தூங்குகிறவர். மாமியார் பகல் முழுக்க வீட்டில். ஆக அந்த வீட்டில் ஏதாவது ஒரு அறையில் எப்போதும் ஒருவர் படுத்திருப்பார்.

மூன்று இடமும் இப்படி. ஒன்று, கொசப்பேட்டைப் பக்கம் எட்டடிச் சந்தில் மேற்கு பார்த்த பழைய மாடி வீடு. இரண்டு பக்கமும் சுவரோடு சுவர். இரண்டு, சத்துவாச்சாரியில் முப்பதுக்கு நாற்பது, தெற்கு பார்த்த மனை. முப்பதடித் தெரு, இரு புறமும் ஏற்கெனவே வீடு வந்துவிட்டது. மூன்று, காட்பாடி தாண்டி புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் கார்னர் மனை. கிழக்கும் வடக்கும் ரோடு. ஈசானிய மூலை! அக்கா வீட்டுக்காரர் மனசுக்குள் அதற்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். சொல்லும் விலையும் அதுதான் அதிகம்.

மூன்றையும் பார்க்கப் போவதற்கு முன்னால் அவளை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார், அப்புறம் கிழக்குச் சுவரில் வை. மறுநாள் போன் வந்தது: "மேற்கு சுவரு தோசைக்கல்லு மாதிரி இருக்குது மாமா. ராத்திரியில ஏன்?" ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெயிலை உடனே உள்ளே விடாது. ஆறேழு மணி நேரம் வைத்திருந்து தரும். மூன்று மணிக்கு வாங்கிய சூட்டை, நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கும். அந்நேரம் ஓடும் ஏசி குளிரவைப்பது அறைக் காற்றை மட்டுமல்ல, அந்தச் சுவரையும்தான்.

கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் விழும் வெயில் ஏறத்தாழ சமம். ஆனால் கிழக்கு வெயில் விழும்போது காற்று இன்னும் கொதிக்க ஆரம்பித்திருக்காது. மேற்கு வெயில், ஊர் ஏற்கெனவே 40 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது வந்து சேரும். அதனால்தான் வாடகைக்கு வீடு பார்க்கும் பாட்டிகள்கூட "மேற்கு வெயில் ஆகாதுப்பா" என்கிறார்கள்.

இனிமேல்தான் பலர் தப்புக் கணக்குப் போடும் இடம். வேலூர் 12.9 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 25 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் 18 வாக்கில்தான் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறது. இடைப்பட்ட நாட்களில் சூரியன் வடகிழக்கில் உதித்து, உச்சிக்கு வடக்காகவே போய், வடமேற்கில் மறைகிறது. அதாவது இந்த மூன்றே முக்கால் மாதமும் தெற்குச் சுவரில் காலை முதல் மாலை வரை நேர் வெயில் படுவதே கிடையாது. அக்னி நட்சத்திரம் முழுக்க இதற்குள் அடக்கம். மார்கழியில் உச்சி வெயிலே 54 டிகிரி உயரத்திலிருந்துதான், தெற்கிலிருந்து சாய்ந்து வரும். அப்போது வந்தால் யாருக்கு என்ன? வேலூர் மார்கழிக்குக் காலையில் கொஞ்சம் வெயில் தேவைதான்.

தெற்கு பார்த்த மனை என்றால் விலையில் ஒரு படி இறக்கிப் பேசுகிறோம். நம் ஊர் வெயிலைக் கேட்டால் அது வேறு மாதிரி பதில் சொல்லும்.

சரி, முதல் இடம். மேற்கு பார்த்த சந்து வீடு என்றதும் மாப்பிள்ளை முகம் சுளித்தார். மேற்குக்கு முகம் காட்டினாலும் அந்த வீடு மேற்கு வெயிலைப் பார்ப்பதில்லை. சந்து எட்டடி. எதிரே இரண்டு மாடி, கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 24 அடி. எதிர்வீட்டு உயரத்தைத் தெரு அகலத்தால் வகுத்தால் மூன்று வருகிறது; எண் ஏற ஏற நிழல் கூடும். இந்த ஒரு எண்ணைத்தான் நான் எந்தத் தெருவுக்குப் போனாலும் மனதில் போட்டுப் பார்ப்பது. வேலூரில் உச்சி வேளை கடிகாரப்படி சித்திரையில் 12.10 மணி. 2.10க்குச் சூரியன் 61 டிகிரி உயரத்தில் நிற்கும், 3.10க்கு 46, 4.10க்கு 32. அந்தச் சந்தில் 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய வெயில் தரைத்தளச் சுவரைத் தொடவே முடியாது, எதிர்வீடு வாங்கிக்கொள்கிறது. அதாவது இரண்டேகால் மணிக்கெல்லாம் வாசல் நிழலாகிவிடும். இதே மேற்கு பார்த்த வீடு நாற்பதடி ரோட்டில், எதிரே காலி மனையோடு இருந்தால் பொழுது சாயும்வரை வறுபடும். வாசல் பார்க்கும் திசை இரண்டிலும் ஒன்றுதான். தெருவின் அகலமும் எதிரே நிற்பதும்தான் வேறு.

வடக்கும் தெற்கும் பொதுச் சுவர். அந்தப் பக்கம் வெயிலே இல்லை; பக்கத்து வீட்டு ஹால்தான். நாங்கள் மதியம் ஒரு மணிக்கு உள்ளே நுழைந்தபோது கண் பழக அரை நிமிடம் ஆனது. அப்புறம் உடம்பு பழகியது, மனசு வரவில்லை வெளியே போக. "இங்கயே ஒரு பாய் போட்டா தூங்கிடுவேன் மாமா" என்றாள், முந்தின ராத்திரி ட்யூட்டி பார்த்துவிட்டு வந்தவள்.

இருட்டு வீடு, பகலிலும் லைட் போட வேண்டும் என்பார்கள். போடட்டும். 9 வாட் எல்இடி பல்பு தினம் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் ஆகப் பதினோரு நாள் ஆகும். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் ஒரு யூனிட்டை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடும். வெளிச்சத்துக்காக வெயிலை உள்ளே அழைப்பது நம் ஊரில் கட்டுப்படியாகாத விருந்து.

அதனால் சந்து வீடே எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தச் சந்தை எனக்கு ராத்திரியிலும் தெரியும். சில வருடம் முன்னால் அதே பகுதியில் இன்னொரு சந்தில் ஏசிக்குத் தனி லைன் இழுக்கப் போயிருந்தேன். மே மாதம், ராத்திரி எட்டரை. அவுட்டோர் யூனிட்டை வாசலுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு யூனிட் எட்டடி தள்ளி அதற்கு நேர் எதிரே. இரண்டும் ஒன்றின் முகத்தில் இன்னொன்று சுடு காற்றை ஊதிக்கொண்டிருந்தன. சந்துக்குள் காற்றும் இல்லை. சூடு போக இடமில்லாமல் அங்கேயே சுற்றியது. வெளியே இருக்கும் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சிரமம் கம்ப்ரஸருக்கு. அறை குளிர நேரம் எடுக்கும், கரண்டும் கூட இழுக்கும். வீட்டுக்காரர் மெஷின் சரியில்லை என்று கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். மெஷின் சரியாகத்தான் இருந்தது, நின்ற இடம் சரியில்லை. கடைசியில் கூடுதல் காப்பர் பைப் போட்டு யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினோம். குறை பாதி போனது.

மீதிப் பாதி சந்தின் சுபாவம். பகல் முழுக்கச் சுவர்களும் தரையும் வாங்கிய சூடு ராத்திரியில் வானத்துக்குத்தான் போக வேண்டும். எட்டடிச் சந்தில் நின்று மேலே பார்த்தால் வானம் ஒரு ரிப்பன் அளவுதான் தெரியும். ஒரு சுவர் விடும் சூட்டை எதிர்ச் சுவர் வாங்கி, திருப்பித் தரும். லண்டனில் லூக் ஹோவர்ட் என்று ஒருவர் இருநூறு வருடம் முன்பே தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு இதைக் கணக்கெடுத்திருக்கிறார். வெளியூரைவிட நகரம் இரவில் 3.7 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், பகலில் மட்டும் ஒரு துளி குறைவு என்பது அவர் கண்டது. குளிர் ஊரில் அவர் பார்த்ததைக் கொசப்பேட்டையில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: "பகல்ல சுகம், ராத்திரி புழுக்கம்." போதாததற்கு ஊருக்குக் கிழக்கே பாறைக் குன்றுகள் வேறு. மாலை வெயில் முழுக்க அவற்றின் மேல்தான் விழுகிறது. 'ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு' என்று நம் ஊரைக் கிண்டல் செய்கிறவர்கள் மரமில்லாத மலையையும் சேர்த்துக்கொள்வார்கள். அடிவாரத் தெருக்களில் ராத்திரி நடந்தால் அது கிண்டல் இல்லை என்று தெரியும்.

ஆக சந்து வீடு பகலில் தூங்கும் அவளுக்கு நல்லது, ராத்திரி தூங்கும் மாப்பிள்ளைக்குக் கெட்டது. இன்னொன்று, பழைய முற்றம். கட்டியவர்கள் புத்தியோடுதான் விட்டிருக்கிறார்கள்: சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போகும், முன்வாசல் சந்திலிருந்து நிழல் காற்று உள்ளே வரும். இப்போது அதன் மேல் பச்சை பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, கீழே வாஷிங் மெஷின் வைத்திருக்கிறார்கள். ஷீட்டைக் கழற்றினால் வீடு பிழைக்கும். மழைக்கும் குரங்குக்கும் பயந்து யாரும் கழற்றுவதில்லை. காரும் உள்ளே போகாது. மாப்பிள்ளை அதோடு முடித்துக்கொண்டார்.

அடுத்து ஈசானிய மூலை. நான்கு பக்கமும் வெட்டவெளி. போய் நின்ற நேரம் மாலை நாலரை. அக்கா வீட்டுக்காரர் கையை விரித்து "காத்து எப்படி வருது பாரு" என்றார். வந்தது. கூடவே புழுதியும், வடமேற்கிலிருந்து வெயிலும். நான்கு பேருக்கும் ஒதுங்க நிழல் இல்லாமல் காரின் கிழக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றுகொண்டு பேசினோம். அந்த மனையின் கரண்ட் பில்லை அந்தக் கார் நிழலே சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன்.

மேற்கே காலி மனை, தெற்கே காலி மனை. இந்த மாதிரி மனைப்பிரிவில் எல்லா மனையும் விற்றிருக்கும், வீடு மட்டும் வராது. வாங்கியவர்களில் பாதிப் பேர் பெண் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்தவர்கள். பக்கத்தில் வீடு எழும்பப் பத்து வருடமும் ஆகலாம். அதுவரை மேற்குச் சுவர் முழு உயரத்துக்கும் உச்சியிலிருந்து அந்தி வரை வெயிலை வாங்கும். கிழக்கே முப்பதடி ரோடு, அதற்கு அப்பாலும் காலி; விடிந்ததிலிருந்து உச்சி வரை முன்பக்கம் வெயில். கிழக்கு அறையில் அவள் ஒன்பது மணிக்குப் படுத்தால் சூரியனோடு சேர்ந்துதான் படுக்க வேண்டும். கார்னர் வீட்டில் வெயில் படும் சுவர் அதிகம் என்பதைச் சொல்ல இன்ஜினியர் தேவையில்லை, வெள்ளையடிக்கிற பெயிண்டரே சொல்வார்.

இதற்கு மருந்து இல்லாமலும் இல்லை. மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் மூன்றையும் மேற்கில் வரிசையாகப் போட்டால் அவை வெயிலை வாங்கிக்கொண்டு படுக்கையறையைக் காப்பாற்றும். மேற்கு எல்லையில் ஒரு புங்கமோ வேம்போ வைத்தால் நிழல் தரச் சில வருடம் ஆகும், ஆனால் தரும். காந்திநகரின் பழைய தெருக்களில் மரம் நிற்கும் வீட்டுக்கும் நிற்காத வீட்டுக்கும் வித்தியாசம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காலில் தெரியும். ராத்திரியில் அந்த வெட்டவெளி சந்தைவிட வேகமாகக் குளிரும் என்பதையும் மறைக்கக் கூடாது. பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு ஃபேனே போதும் என்று பல நாள் ஆகலாம். மூன்றிலும் ராத்திரிக்குச் சிறந்தது இதுதான்.

ஆனால் காலி மனை காலியாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் நடந்தது இது. கிழக்கு பார்த்த வீடு, மேற்கில் வரிசையாக மற்ற வீடுகள் மறைக்க, மாலையில் ஹால் குளுகுளுவென்று இருக்கும். ரோட்டுக்கு எதிரே ஒரு வணிகக் கட்டடம் வந்தது, முகப்பு முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி மேற்கைப் பார்த்து நிற்கிறது. மாலை வெயில் அதில் பட்டுத் திரும்பி நேராக இவர்கள் ஹாலுக்குள் வந்துவிட்டது. கிழக்கு பார்த்த வீட்டுக்குச் சாயங்கால வெயில்! அந்த அம்மா கிழக்கு ஜன்னலுக்கு நான்கு மணிக்குத் திரை போடுவதைப் பார்த்து எனக்கே முதலில் புரியவில்லை. எதிரே வருவது வெயிலை மறைக்கவும் செய்யும், கண்ணாடி போட்டுத் திருப்பி அனுப்பவும் செய்யும்.

இப்போது சத்துவாச்சாரி மனை. பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக்கு நடுவே பல் விழுந்த இடம் மாதிரி ஒரு பொக்கை. "தெற்கு வாசலா?" என்று அக்கா வீட்டுக்காரர் காரிலிருந்தே இறங்கவில்லை. ஆனால் தெரு கிழக்கு மேற்காக ஓடுகிறது. கிழக்கு மேற்காகத் தெரு ஓடினால் வீடுகள் வடக்கும் தெற்கும் பார்க்கும். வெயில் வாங்கும் கிழக்கு மேற்குச் சுவர்கள் பக்கத்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் இது தலைகீழ்: எல்லா வீடும் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவர் ஸ்கேலைத் திருப்பி வைத்தால் போதும், அந்தத் தெருவில் இனி வரப்போகும் அத்தனை வீட்டின் பில்லும் மாறும். அதை யோசித்து யாராவது போடுகிறார்களா என்றால், ரோட்டுக்கு எவ்வளவு இடம் போகும், எத்தனை மனை கிடைக்கும் என்பதைத்தான் யோசிக்கிறார்கள்.

மேற்கு வீடு இரண்டு தளம், கைப்பிடிச் சுவரோடு 24 அடி. அவர் தன் பக்கம் மூன்றடி விட்டிருக்கிறார், இவளும் மூன்றடி விட்டால் நடுவில் ஆறடி. இவள் இப்போது தரைத்தளம் மட்டும்தான் கட்டப் போகிறாள், பத்தரை அடி உயரம். டேப்பைப் பிடித்து மணலில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் சுவர் இவள் சுவரைவிடப் பதிமூன்றரை அடி ஓங்கி நிற்கிறது, இடைவெளி ஆறடி; சூரியன் 66 டிகிரிக்குக் கீழே வந்தால் இவள் மேற்குச் சுவரில் ஓரடிகூட வெயில் படாது. சித்திரையில் அது மதியம் 1.50. வெயில் உச்சியிலிருந்து சரிந்து கொடுமை காட்டத் தொடங்கும் நேரத்தில் இந்தச் சுவருக்கு ஓய்வு. கிழக்கு வீடும் இரண்டு தளம்தான். காலையிலும் அதே கணக்கு. பத்தரை மணி வரை கிழக்குச் சுவரும் நிழலில்.

வடக்குப் பக்கம்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கோடையில் சூரியன் வடக்கே இருக்கிறது என்றேனே, அதனால் வடக்குச் சுவருக்கு வெயில் உண்டு. ஆனால் உச்சியில் அது செங்குத்தாக, சுவரை உரசிக்கொண்டு இறங்கும். இரண்டடி சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் சாய்வாக வருவதைப் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஆகவே அவள் தூங்கும் அறை தெற்கிலா வடக்கிலா என்று கேட்டால், வெயில் கணக்கில் தெற்கு. ஆனால் தெற்கில் தெரு, காய்கறி வண்டி மைக், ஹாரன். ஒன்பது மணிக்குத் தூங்கப் போகிறவளுக்கு வடக்கு அறைதான் சரி. இதை நான் சொல்லவில்லை, அவள் சொன்னாள்.

குறையும் உண்டு. ஆறடிச் சந்தில் ஏசி அவுட்டோரை வைத்தால் கொசப்பேட்டைக் கதைதான், அதனால் அதை மொட்டை மாடிக்கென்று இப்போதே முடிவு செய்து பைப் போகும் வழியைச் சுவரில் விட வேண்டும். காற்று சந்து வீட்டைவிட மேல், கார்னர் மனையைவிடக் கம்மி. ஆனி ஆடியில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, தெருவோடு ஓடும், வாசலுக்குள் தானாக நுழையாது. தெற்கு ஜன்னலில் கிழக்குப் பக்கம் கீல் வைத்த கதவு போட்டால், அது வெளியே திறந்து நிற்கும்போது காற்றை மறித்து உள்ளே திருப்பும். ஆசாரியிடம் சொன்னால் போதும், செலவு எதுவும் இல்லை.

மூன்று இடத்திலும் பக்கத்து வீடு காப்பாற்றாதது ஒன்று உண்டு: மாடித் தளம். உச்சி வெயில் அதன் மேல்தான் முழுக்க விழுகிறது. தளத்தைக் காக்க மேலே போடும் வெதரிங் கோர்ஸ் பூச்சு, அதன் மேல் வெள்ளை கூல் டைல்ஸ். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அதே காரணத்தால்தான் அப்பார்ட்மென்டில் நடு மாடி, நடு வீடு பில்லுக்கு எல்லாவற்றையும்விட மலிவு. கடைசி மாடி மேற்கு மூலை வீடு அதே கட்டடத்தில் அடுப்பு. அதையும் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மண்ணு வேணும் மாமா" என்றாள். முடிந்தது.

பில் என்ன வித்தியாசம் வரும் என்று மாப்பிள்ளை கேட்டார். ரூபாயில் ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் அமைப்பைச் சொல்லலாம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். இன்வர்ட்டர் ஏசி சராசரியாக மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டால், வெயில் சுவர் காரணமாகத் தினம் மூன்று மணி நேரம் கூட ஓடினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட். 400ல் நிற்க வேண்டியவரை 580க்குத் தள்ள அது போதும். சித்திரை, வைகாசி பில்லில் நான் பார்த்த சண்டைகளில் பாதி இந்தக் கோட்டைத் தாண்டிய சண்டைதான்.

கார்னர் மனைக்குக் கடைசியாக ஒரு வாதம் இருந்தது, நல்ல வாதம். அதை மாப்பிள்ளைதான் எடுத்தார்: சோலார். 2024ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் வாக்கில் தரும். அதுவும் பகலில். இவள் பகலில் தூங்குகிறவள்; பேனல் தரும் நேரமும் ஏசி கேட்கும் நேரமும் ஒன்று. வெட்டவெளியில் மொட்டை மாடிக்கு நாள் முழுக்க வெயில். சத்துவாச்சாரியிலோ மேற்கு வீட்டின் நிழல் இரண்டு மணிக்கு முன்பே மாடியில் ஏறத் தொடங்கும். ஒரு பேனலின் மூலையில் நிழல் விழுந்தாலும் அதோடு கோர்த்த மற்றப் பேனல்களையும் அது இழுத்துப் பிடிக்கும். சுவருக்கு வரமான நிழல் பேனலுக்குச் சாபம்.

அதற்கும் கணக்குப் போட்டோம். 4.05க்கு இவள் மாடி மட்டத்தில் மேற்கு வீட்டு நிழல் 21 அடி நீளம்; இடைவெளி ஆறு போக, 24 அடி அகல மாடியில் பதினைந்தடி நிழல். பேனலைக் கிழக்கு ஓரம் ஒன்பதடிக்குள் வரிசையாக வைத்தால் நாலு மணி வரை பாதகமில்லை. நாலு மணிக்கு மேல் பேனல் தருவது எப்படியும் சொற்பம். அவள் மூன்றுக்கே எழுந்துவிடுகிறாள். கார்னர் மனையில் சோலார் கூடுதலாகத் தரும், உண்மை. ஆனால் அந்தக் கூடுதலில் ஒரு பங்கு, அங்கே வெயில் வாங்கும் சுவரைக் குளிர வைக்கவே போகும். தேவையைக் குறைத்துவிட்டு மூன்று கிலோவாட் வைப்பதையே நான் விரும்புவேன். அக்கா வீட்டுக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. தெற்கு வாசலுக்கு என்ன பரிகாரம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதிலிருந்து மனை முடிவானது எனக்குத் தெரிந்தது.

அட்வான்ஸ் கொடுத்த அன்று சாயங்காலம் மனையைப் பார்க்கப் போயிருந்தோம். மேற்கு வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ரிட்டையர்டு ஆசிரியர் மாதிரி மெல்லிய பேச்சு. டீ சாப்பிடச் சொன்னார். கொஞ்ச நேரம் எங்கே வேலை, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடணும்மா. அடுத்த வருஷம் பையனுக்காக மேலே இன்னொரு மாடி எடுக்கப் போறோம். உங்க வீட்டுக்கு வெளிச்சம் கொஞ்சம் மறையும். தப்பா நினைக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். 24 அடி 34 ஆகும். மூன்று மணிக்கே மாடியில் பதினேழு அடி நிழல். தளமும் குளிரும், கிழக்கு ஓரத்துப் பேனலில் சாயங்காலம் ஒரு மணி நேரம் போகும், பரவாயில்லை.

"தாராளமா எடுங்க சார்" என்றாள்.